நுனியில் மட்டும் பச்சை

அத்தியாயம் பதினான்கு

மழை ஊரில் தூக்கம் எங்கே முடிகிறது, விழிப்பு எங்கே தொடங்குகிறது என்று யூவெனுக்கு எப்போதும் சரியாகத் தெரிவதில்லை. அன்று காலைக் கனவில் மிஃபென் துறைமுகத் தண்ணீர் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் பூனை. கால் நனையவில்லை. அதன் பின்னால் ஒரு கப்பல் ஊதியது. கண் விழித்த பிறகும் அந்தக் கப்பல் ஊதிக்கொண்டுதான் இருந்தது.

கீலுங் துறைமுக ஊரில் பதினெட்டு நாளாக மழை. கீழே கூடத்தில் அப்பா ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியை எடுத்துக் கொட்டும் சத்தம் கேட்டது. ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி. காற்றிலிருந்து இவ்வளவு தண்ணீரா என்று அவளுக்குத் தினமும் ஆச்சரியம்தான்.

புதன்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

சனிக்கிழமை அண்ணி ஷுச்சின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். பிரசவ ஓய்வகத்தில் அவளுடைய முப்பது நாள் அன்றோடு முடிகிறது. குழந்தைக்கு மாதம் நிறையும் விருந்துக்குச் சிவப்பு முட்டைக்கும் எண்ணெய்ச் சோற்றுக்கும் அப்பா சொல்லியாயிற்று. அண்ணன் சோங்யான் சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருக்கிறான். மகள் முகத்தை இன்னும் கைப்பேசியில்தான் பார்க்கிறான்.

எல்லாம் சரி. மிஃபெனைத் தவிர.

குழந்தை பிறப்பதற்கு முதல் நாள்தான் அதன் இடது புருவத்துக்கு மேல் முடி கொட்டி வட்டமாகத் தோல் தெரிந்தது. படர்தாமரை. அன்றிலிருந்து மிஃபென் மாடியில் துணி துவைக்கும் அறையில் அடைபட்டுக் கிடக்கிறது. மிஃபென் ஷுச்சினின் பூனை. கல்யாணமாகி வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு பூனையுமாக வந்தாள் என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

போன வாரம் ஓய்வகத்தின் தாழ்வாரத்தில் ஷுச்சினின் அம்மா, பெங் அம்மாள், குரலை உயர்த்தாமல் சொன்னது இந்த வீட்டுச் சுவர்களில் ஈரத்தோடு ஈரமாக ஊறியிருந்தது.

"பூனைக்குச் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சீட்டு வேணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை என் தம்பி மகன் வண்டி எடுத்துட்டு வருவான். தைதுங்ல அவனுக்குக் கோழிப் பண்ணை இருக்கு, அங்க கிடக்கட்டும். அதுவும் முடியாதுன்னா என் பொண்ணும் பேத்தியும் என் வீட்டுக்கு வருவாங்க."

அப்போது யூவெனைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். "மருந்து குடுக்கறது இந்தப் பொண்ணுதானே. இது வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசியே நான் பார்த்ததில்ல. பூனை வாயை எப்படித் திறக்கும்?"

யூவெனுக்கு இருபத்திரண்டு வயது. காலையில் மீன் உருண்டைக் கடையில் பொட்டலம் கட்டுகிறாள். அங்கே பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை. தொலைபேசி அடித்தால் அவள் எடுப்பதில்லை. ஆனால் பூனையின் வாயை அவளால் திறக்க முடியும். அது அவளுக்கு மட்டும்தான் திறக்கும்.

* * *

கீழே சாப்பாட்டு மேசை மேல் ஒரு புது நெகிழிப் பை இருந்தது. உள்ளே வரிசையாக ஒட்டிய சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள்.

"சம்பந்தியம்மா நேத்து குடுத்தனுப்பினாங்க," என்றார் அப்பா. அப்பா பிங்ஹுவெய் நாற்பது வருஷம் துறைமுகத்தின் இழுவைப் படகுகளில் எஞ்சின் பார்த்தவர். இப்போதும் வாணலியை எஞ்சினைப் போலத்தான் துடைப்பார். "அவங்களுக்குத் தெரிஞ்ச கடையில கலந்து கட்டின பொடியாம். நம்ம மருந்தேதான். பேரைப் பாரு, ஒரு எழுத்து மாறல. இதைக் குடுத்தா சனிக்கிழமைக்குள்ள பளிச்சுன்னு ஆயிடும்னாங்க."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு..."

"கேப்போம் கேப்போம். ரெண்டு மணிக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு மருந்து வாரம் ஆரம்பம். காலையில குடுத்துட்டியா?"

ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் ஓய்வு. முதல் மருந்து வாரம் கேப்சூல். மிஃபென் அதை நுரை நுரையாகத் துப்பியது. அப்பாதான் கேப்சூலைப் பிரித்து, உள்ளே இருந்த உருண்டைகளைக் கல்லுரலில் மாவாக அரைத்துக் கொடுத்தார். இரண்டாவது மருந்து வாரத்துக்கு டாக்டர் சிரப்பாக மாற்றிவிட்டார். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருந்தபடி யூவென் கொடுத்துவந்தாள்.

அப்பாவின் சீட்டு அது. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், படகின் குறிப்பேட்டில் எழுதும் அதே சதுர எழுத்து. மேலே "கேப்சூல், கால் பங்கு" என்பதை அடித்து "சிரப், ஒன்றரை மில்லி" என்று எழுதியிருந்தார். கீழே இரண்டாவது வரி: "சாப்பாட்டோடு."

யூவென் சிரப்பை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, மீன் கூழ் பிசைந்த கிண்ணத்தில் விட்டுக் கலக்கினாள். சிரப்புக்கு வெந்த சர்க்கரையின் மணம். மாடி அறையில் அழுகிய முட்டை வாசனை. வாரம் இரண்டு முறை மிஃபெனை முக்கி எடுக்கும் கந்தகத் தண்ணீரின் வாசனை அது. எதிர் வீட்டுக்காரர், "உங்க வீட்டுலேயே வெந்நீர் ஊற்று தோண்டிட்டீங்க போல, இனிமே நாங்க பெய்தோவுக்கு டிக்கெட் எடுக்க வேணாம்," என்று படியில் நின்று கிண்டல் செய்வார்.

மிஃபென் கிண்ணத்தைச் சுத்தமாக நக்கிவிட்டு அவளைப் பார்த்தது. புருவத்துக்கு மேல் புது முடி முளைத்திருந்தது, பஞ்சு போல. நோய் போயிருக்கும், என்று நினைத்துக்கொண்டாள். போயிருக்க வேண்டும்.

* * *

லியாவ் டாக்டரின் மருத்துவமனை கால்வாய்க்கு அந்தப் பக்கம். டாக்டர் குட்டையான பெண். கையெல்லாம் பூனைக் கீறல். பேசும்போது கண்ணைச் சிமிட்டவே மாட்டாள்.

அவள் ஒரு கண்ணாடித் தட்டை மேசைமேல் வைத்தாள். போன புதன்கிழமை புது பல்துலக்கும் பிரஷால் மிஃபெனின் உடம்பு முழுக்கத் தேய்த்து, அதில் சிக்கிய முடியை, பூஞ்சை முளைக்கிறதா என்று பார்க்க, இந்தத் தட்டில் குத்தியிருந்தாள். மஞ்சளாக இருக்க வேண்டிய தட்டில் சிவப்பு வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைப் பஞ்சு.

"முதல் தட்டுல எண்ணவே முடியல. இதுல ஆறு," என்றாள்.

"அப்ப குறைஞ்சிருக்கு," என்றார் அப்பா.

"குறைஞ்சிருக்கு. போகல. இந்நேரம் ஒண்ணு ரெண்டுக்கு வந்திருக்கணும்."

யூவென் அந்த ஆறு வட்டங்களையும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தன. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தபோது தட்டின் மேலும் அதன் நிழல் வழிந்தது.

அப்பா நெகிழிப் பையை எடுத்து வைத்தார். "டாக்டர், இதை ஒரு தடவை பார்த்துடுங்க. பொடி. அதே மருந்துதான், பேரு ஒண்ணுதான். இதைக் குடுத்தா வேகமா..."

டாக்டர் பையை ஓரமாகத் தள்ளவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு கேப்சூலை எடுத்து இரண்டாகப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினாள். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள் ஓடி நின்றன. பக்கத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பொடியைக் கொட்டினாள். அதற்கும் பக்கத்தில் சிரப் பாட்டில்.

"ஐயா, நீங்க எஞ்சின் பார்த்தவர்தானே. ஒரே டீசல். அதை டாங்க்ல ஊத்தறதும் மேல்தளத்துல ஊத்தறதும் ஒண்ணா?"

அப்பா சிரிக்கவில்லை. "சொல்லுங்க."

"இந்த மருந்துக்குத் தண்ணியே ஆகாது, கரையாது. அதனால இந்தக் கேப்சூல்ல என்ன பண்ணியிருக்காங்கன்னா, ஒவ்வொரு உருண்டை மேலயும் மருந்தைப் பூசியிருக்காங்க. வயித்துல சாப்பாடு இருந்து அமிலம் ஊறினா மெல்லக் கரைஞ்சு உடம்புல ஏறும். வெறும் வயித்துல போனா ஏறாது."

"நான் அதை நைசா அரைச்சுல்ல குடுத்தேன்."

"அரைக்கச் சொன்னது யாரு?"

"எந்த மருந்தையும் அரைச்சுத்தானே குடுக்கறது. எங்க பசங்களுக்கெல்லாம் டாக்டரே அரைச்சுப் பொட்டலம் கட்டித்தான் குடுப்பாரு."

"அந்தப் பழக்கம்தான் இங்க வினை. உருண்டையா இருக்கறவரைக்கும்தான் அது இந்த மருந்து. அரைச்சுட்டா எவ்வளவு ஏறும்னு என்னால சொல்ல முடியாது." பொடியை விரல் நுனியால் தொட்டாள். "இது அதைவிட மோசம். சும்மா பொடி. ஒரு பூனைக்குக் கொஞ்சம் ஏறும், இன்னொண்ணுக்கு ஒண்ணுமே ஏறாது. அந்தப் பக்கம் போய் வெளிய வந்துடும். பேரு ஒண்ணுதான், ஐயா. வேலை ஒண்ணு இல்ல."

பாட்டிலை ஆட்டினாள். "இதுல கரைச்சே வெச்சிருக்காங்க. அதனாலதான் மாத்தினேன். இது கேப்சூலுக்கு நேர் எதிர். வெறும் வயித்துல குடுக்கணும். சாப்பாடு இருந்தா குறுக்க நிக்கும்." கண்ணைச் சிமிட்டாமல் யூவெனைப் பார்த்தாள். "தங்கச்சி, நீ எப்படிக் குடுக்கற?"

யூவென் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மீன் கூழ்ல... கலந்து."

"சிரப்பையா?"

"ஆமா."

"போன மருந்து வாரம் முழுக்க?"

"ஏழு நாளும். இன்னிக்கும்."

கூடைக்குள் மிஃபென் தன் பாதத்தை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது, ஈரமாக, நிதானமாக.

யூவென் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவு தெரிந்தது. அடித்து எழுதிய முதல் வரி. அடிக்காமல் விட்ட இரண்டாவது வரி. படகில் அப்படித்தான். மாறியதை மட்டும் மாற்றி எழுது, மற்றதைத் தொடாதே. அப்பா அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

"மருந்துப் பையிலேயே எழுதிக் குடுத்தேனே," என்றாள் டாக்டர், கோபமில்லாமல். "வெறும் வயிறுன்னு. சிவப்பு மையில."

அந்தப் பை எங்கே இருக்கிறது என்றும் யூவெனுக்குத் தெரியும். அப்பா எந்தக் காகிதப் பையையும் எறிவதில்லை. தட்டையாக மடித்துச் சமையலறை இழுப்பறையில் அடுக்குவார்.

"நான்தான் கவனிக்கல," என்றாள் யூவென். "நான்தான்."

அப்பா பொடிப் பொட்டலங்களைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

* * *

"விளக்குல பார்த்துடலாம்," என்றாள் டாக்டர். "அணைக்கறேன். கண்ணு பழகற வரைக்கும் அசையாதீங்க."

கனமான திரையை இழுத்தாள். மழை வெளிச்சம் போய்விட்டது. அறை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு ஆழமாக ஆனது, கடலுக்கு அடியில் இருப்பது போல. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. தன் கை எங்கே இருக்கிறது என்று யூவெனுக்கே தெரியவில்லை. மிஃபெனின் சூட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

ஊதா விளக்கு எரிந்தது.

வெள்ளைப் பூனை நீலப் பூனையாகிவிட்டது. டாக்டரின் பல் நீலமாக மின்னியது. மேசை மேல் கிடந்த நூல் துணுக்குகள் எல்லாம் வெள்ளையாக ஒளிர்ந்தன. "அதெல்லாம் தூசி, ஏமாந்துடாதீங்க. நோய் இருந்தா பச்சையா மின்னும்," என்றாள் டாக்டர். விளக்கை மிஃபெனின் புருவத்துக்குக் கொண்டுவந்தாள்.

அங்கே பச்சை இருந்தது. மாங்கொழுந்துப் பச்சை. நாலைந்து முடிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன.

"உத்துப் பாரு தங்கச்சி. பச்சை எங்க இருக்கு?"

யூவென் குனிந்தாள். "நுனியில."

"அடியில?"

"அடியில இருட்டு."

"அதான். புதுசா வளர்ற முடி சுத்தமா வருது. பழைய நோய் மேல தள்ளப்பட்டு நுனியில நிக்குது. மருந்து கொஞ்சமாச்சும் உள்ள போய் வேலை செஞ்சிருக்கு. நீ ஒண்ணும் முழுசா வீணாக்கிடல."

யூவெனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஊதா வெளிச்சத்தில் அது பளபளக்குமோ என்று பயந்து துடைக்காமலே இருந்தாள்.

விளக்கு காதுக்கு நகர்ந்தது. டாக்டர் உச்சுக்கொட்டினாள். "இது அடியிலிருந்தே பச்சை. புதுசு. தனி ரூம்ல, தினமும் துடைக்கிற ரூம்ல இருக்கற பூனைக்குப் புதுசு எங்கிருந்து வரும்? இதை யாராவது வெளிய எடுக்கறீங்களா?"

"இல்ல," என்றாள் யூவென். "நான் மட்டும்தான் போவேன். மேலங்கி போட்டுட்டுத்தான் போவேன்."

"ஐயா?"

"எனக்கும் பூனைக்கும் ஆகாது," என்றார் அப்பா. "நான் அந்தப் பக்கமே போறதில்ல. முதல் நாளே சொன்னேனே."

டாக்டர் விளக்கோடு திரும்பினாள். வேண்டுமென்று திரும்பினாளா, தற்செயலாகவா என்று யூவெனுக்குத் தெரியவில்லை.

அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் முழுக்க மின்மினி.

மார்பில், வயிற்றருகே, இடது கையின் மடிப்பில். சின்னச் சின்னப் பச்சை முடிகள். ஒன்றைப் பிடித்துத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டால் எங்கெல்லாம் படுமோ, அங்கெல்லாம். இருட்டில் அப்பாவின் முகம் தெரியவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பச்சைகள் மட்டும் மெல்ல ஏறி இறங்கின. மூச்சு விடுகிறார்.



"அது கதவைப் பிராண்டும்," என்றது அப்பாவின் குரல், கொஞ்சம் கழித்து. "நீ கடைக்குப் போனதுக்கப்புறம். நான் கீழதான் உட்கார்ந்திருப்பேன். முதல் ரெண்டு நாள் ரேடியோவைச் சத்தமா வெச்சேன்."

"அப்புறம்?" என்றாள் டாக்டர்.

"அப்புறம் ரேடியோவை அணைச்சுட்டேன்."

மிஃபென் அந்தக் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கியது. நீலப் பூனை. அதன் கண்கள் அந்த மின்மினிகளைப் பார்த்தன.

"பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும். கூடத்துல, இந்த மடியில. வீட்டுல யாரும் இல்ல, டாக்டர். மகன் கடல்ல. மருமகளும் பேத்தியும் அங்க. இவ கடையில. மழை வேற." நிறுத்தினார். "அந்தச் சீட்டும் நான் எழுதினதுதான். ரெண்டாவது வரியை அடிக்க மறந்தேன். இவ மேல தப்பு இல்ல. வெளிச்சத்துல சொல்லியிருக்கணும்."

"இப்பவாச்சும் சொன்னீங்களே," என்றாள் டாக்டர்.

"சனிக்கிழமைக்குள்ள..."

"முடியாது, ஐயா. ரெண்டு தட்டு அடுத்தடுத்து சுத்தமா இருந்தாத்தான் சீட்டு எழுதுவேன். இன்னும் ஆறு வாரமாவது ஆகும். சிரப்பையே தொடரலாம். ராத்திரி கிண்ணத்தை எடுத்துடுங்க, காலையில மருந்து, ஒரு மணி நேரம் கழிச்சுச் சாப்பாடு. உரலைத் தொடாதீங்க. அந்த ஸ்வெட்டரைத் தனியாத் துவைங்க. கூடத்து நாற்காலியையும் துடைச்சு எடுங்க."

திரை விலகியது. மழை வெளிச்சம் திரும்பி வந்தபோது ஸ்வெட்டரில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் சாம்பல் கம்பளி.

* * *

பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரையில் மழை அடித்தது. மேலே பருந்துகள் துறைமுகத்தைச் சுற்றின, நனைந்துகொண்டே. அப்பா ஸ்வெட்டரைக் கழற்றி டாக்டர் கொடுத்த பையில் கட்டியிருந்தார். முழங்கை தெரியும் சட்டையில் அவர் சிறுத்துப் போனவராகத் தெரிந்தார். மழைக்கோட்டைக் கூடை மேல் போர்த்தியிருந்தார், தன் மேல் அல்ல.

"வெள்ளிக்கிழமை வண்டி வரும்," என்றார். "பண்ணையில யாரு இதுக்கு வெறும் வயிறு பார்த்து மருந்து குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்க."

"அனுப்பலேன்னா பாப்பா வராது." பையின் முடிச்சை அவிழ்ப்பது போலத் தொட்டார், பிறகு கட்டினார். இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தார். யூவென் காத்திருந்தாள். அப்பாவின் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"போன செவ்வாய்க்கிழமை ஓய்வகத்துக்குப் போனேனே. எள்ளெண்ணெய்க் கோழி எடுத்துட்டு."

"ஆமா."

"அங்க கீழ் ஹால்ல ஏ.சி. ஐஸ் மாதிரி. உன் அண்ணிக்குக் காத்து படக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அங்கயே போட்டு வெச்சிருக்காங்க. அவ தோளைக் குறுக்கிட்டு உட்கார்ந்திருந்தா." நீளமாக மூச்சு விட்டார். "இதைக் கழற்றி அவ தோள்ல போட்டுவிட்டேன்."

யூவென் அந்தப் பையைப் பார்த்தாள்.

பேருந்து வந்தது. அவர்கள் ஏறவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, அவர்களைப் பார்த்து, மூடிக்கொண்டு போனார்.

யூவென் கைப்பேசியை எடுத்தாள். வழக்கமாக அண்ணிக்கு அவள் எழுத்தில்தான் செய்தி அனுப்புவாள், அதுவும் மூன்று தடவை அழித்து எழுதி. இப்போது கட்டைவிரல் தானாகவே அழைப்பைத் தொட்டது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

"யூவென்?" ஷுச்சினின் குரல் ரகசியமாக வந்தது. "நீயா கூப்பிடற? என்ன ஆச்சு, மிஃபெனுக்கு ஏதாவது...?"

"இல்ல அண்ணி. நல்லாச் சாப்பிடறா. அண்ணி, சனிக்கிழமைக்குள்ள சரியாகாது. தட்டுல ஆறு இருக்கு. நான் சிரப்பைச் சாப்பாட்டோட குடுத்துட்டேன். வெறும் வயித்துல குடுத்திருக்கணும். சீட்டுல ஒரு வரியை மாத்தாம விட்டுட்டோம். அதைவிட இன்னொண்ணு இருக்கு." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "அப்பா தினமும் மிஃபெனை மடியில வெச்சிருந்திருக்கார். அந்த ஸ்வெட்டரைத்தான் உங்க தோள்ல போட்டுவிட்டார். விளக்குல பார்த்தோம். அதுல முழுக்க இருக்கு, அண்ணி."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை உறக்கத்தில் சப்புக்கொட்டும் சத்தம் மட்டும், மிக அருகில்.

"மாமா மிஃபெனை மடியில வெச்சிருந்தாரா?" என்றாள் ஷுச்சின்.

"ஆமா."

"பூனை முடி சோத்துல விழுதுன்னு மூணு வருஷமாத் திட்டினவர்."

"ஆமா."

சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு இன்னும் சன்னமான குரலில், "எந்தத் தோள்லன்னு மாமாவுக்கு ஞாபகம் இருக்கா? முன்பக்கம் எங்க படிஞ்சிருந்துச்சுன்னு?"

யூவென் அப்பாவிடம் கேட்டாள். அப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டு, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது போலக் காற்றில் ஸ்வெட்டரைப் போர்த்திக் காட்டினார். கை நின்ற இடத்தைப் பார்த்து யூவென் சொன்னாள். "இடது."

"போன சனிக்கிழமையிலேர்ந்து அங்க அரிக்குது," என்றாள் ஷுச்சின். "சின்ன வட்டம். பொத்தான் அளவு இருந்துச்சு, இப்ப கொஞ்சம் பெருசு. துணி சோப்பு ஒத்துக்கலன்னு அம்மா ஏதோ களிம்பு தடவறாங்க. அரிப்புக்கு எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லி."

"அதை நிறுத்துங்க அண்ணி. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. எல்லாம் ஒண்ணு இல்ல."

"யூவென்." குரல் நடுங்கியது. "பாப்பா இந்தத் தோள்லதான் தூங்குறா. இப்பவும்."

மழை திடீரென்று மெல்லியதாகிவிட்டது போல இருந்தது. அல்லது அவள் காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்," என்றாள் ஷுச்சின் அவசரமாக. "வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, இன்னிக்கே வண்டியை வரச் சொல்லுவாங்க. மாமா முகத்துல முழிக்கவே மாட்டாங்க. நீ ஒண்ணும் சொல்லாதே. நான் ஏதாவது சமாளிக்கறேன். டாக்டர்கிட்ட ரகசியமாக் காட்டிக்கறேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. தூக்கம் கலைந்த, யூவெனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்: "யாருடி அது போன்ல, இந்த நேரத்துல?"

"யாருமில்லம்மா. வந்து... மருந்துக் கடை."

யூவென் திரும்பிப் பார்த்தாள். அப்பா கூடையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மழைக்கோட்டின் ஓரத்தை ஒரு விரலால் மட்டும் தூக்கி, தொடாமல், உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பாதம் கம்பிக்கு வெளியே நீண்டு, அவர் முழங்காலுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றிருந்தது.

"அண்ணி," என்றாள் யூவென். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "போனை உங்க அம்மாகிட்ட குடுங்க. நானே சொல்றேன்."